சீசாக்காரரின் கடைசிச் சரக்கு

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கெல்லாம் ‘சரி சாமி, சரி சாமி’ என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களின் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சின்னப் புத்தகமும் வைக்க வேண்டும், நம் உடும்பு மார்க் சொட்டு மருந்தைத் தொடங்கிய சீசாக்காரரின் வாழ்க்கையை அதில் போட வேண்டும் என்றாய். “உங்களுக்குத் தெரியாத கதையாம்மா? ரெண்டே ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்க” என்றாய். தலைப்பைக்கூட நீயே வைத்துவிட்டாய், ‘ஐந்து தலைமுறை காத்த ரகசியம்’ என்று. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அப்பா இல்லீங்களே. முகூர்த்தக்கால் நடற அன்னைக்கு நீங்கதாம்மா எங்காதுல சொல்லோணும்” என்றாய். அங்கேதான் எனக்குப் பேச்சு நின்றது. அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று நீ எண்ணிக்கொண்டாய். அழுகை இல்லை, பயம்.

மூன்று நாளாக மத்தியானம் பாட்டில் நிரப்பும் பெண்கள் சாப்பிடப் போன நேரத்தில் எழுத உட்காருகிறேன். அந்த இரண்டு பக்கம் வரவே மாட்டேன் என்கிறது. ஒரு தாள் எழுதினால் அவர் மகானாக நிற்கிறார். கிழித்துப் போட்டு இன்னொன்று எழுதினால் சந்தைக்குச் சந்தை ஊரை ஏய்த்த ஆளாக நிற்கிறார். இரண்டையும் சேர்த்து எழுதினால் எனக்கே யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அதனால் புத்தகத்துக்கு எழுதுவதை விட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேன். வாட்ஸப்பில் எழுதலாம்தான். ஆனால் பாதி படித்துவிட்டு நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உன் பெங்களூர் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இதை முழுசாகப் படிக்க வேண்டும் நீ.

முதலில், மருந்து டப்பாவுக்குள் நாம் மடித்து வைக்கிற காகிதத்தில் இருக்கும் சீசாக்காரர். உனக்கு அது மனப்பாடம். மதுக்கரைப் பக்கம் பிறந்தவர், சின்ன வயசிலேயே பக்திமான், வெள்ளியங்கிரி ஏறும்போது ஏழாவது மலையில் மயங்கி விழுந்தார். ஒரு சித்தர் வந்து நாக்கில் இரண்டு சொட்டு விட்டார். கண் விழித்தால் சித்தரைக் காணோம், தலைமாட்டில் ஓர் உடும்பு. அதன் பின்னாலேயே போனவருக்கு மூலிகை கிடைத்தது. நான் பெருந்துறையிலிருந்து மருமகளாக வந்த புதிதில் இதைப் படித்துவிட்டு, கூடத்தில் மாட்டியிருக்கும் அவர் படத்துக்கு நிஜமாகவே கைகூப்பினேன். தலைப்பாகையும் மீசையுமாக அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வேடிக்கை இருந்ததாக அப்போதே பட்டது.

அதைப் பார்த்துவிட்டு உன் தாத்தா, என் மாமனார், இருமி இருமிச் சிரித்தார். “உடும்பாவது ஒண்ணாவது, போ அம்மணி! மெட்ராஸ்ல லேபிள் அடிக்கப் போனப்போ அச்சாபீசுக்காரங்கிட்ட மிச்சம் கெடந்த படம் அது ஒண்ணுதான். ஆரோ தோல் யாவாரி செய்யச் சொல்லிப் போட்டு வாங்க வராமயே போயிட்டானாம். எங்க பெருசு, சும்மா கெடக்கறது எதுக்குன்னு அதையே ஒட்டிப் போட்டாரு” என்றார். அவர் சொன்ன சீசாக்காரர் வேறு ஆள். தோட்டத்து வேலைக்கு ஆளாக இருந்த குடும்பம். தாது வருஷப் பஞ்சத்தில் தோட்டமும் காய்ந்து, வேலை கொடுத்தவர்களும் கையை விரித்த பிறகு, கோயம்புத்தூருக்கு நடந்து வந்து வெள்ளைக்கார டாக்டரின் தர்ம ஆஸ்பத்திரியில் மருந்துப் பாட்டில் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். அதனால்தான் சீசாக்காரர் என்று பெயரே வந்தது. நோயாளிகள் மருந்து வாங்கிப் போகக் கொண்டுவரும் சீசாவைக் கழுவிக் கழுவி, எந்த நோய்க்கு எந்த வாசனை என்று மூக்கிலேயே படித்துவிட்டாராம். எந்த மலைக்கும் அவர் போனதாகத் தெரியவில்லை.

ஓம உப்பு, புதினா உப்பு, கற்பூரம் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் அடுப்பில்லாமல், தண்ணீரில்லாமல், தானாகவே உருகி எண்ணெயாகிவிடும் என்பதை அங்கேதான் பார்த்திருக்கிறார். நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடக் கண்காட்சியில் இதைச் செய்து காட்டி இரண்டாம் பரிசு வாங்கினாயே, அதே சங்கதிதான். அந்தப் பொருட்களின் குணம் அது, அவ்வளவுதான். ஆனால் சந்தைக் கூட்டத்துக்கு நடுவில், மூன்று உலர்ந்த பொடியைக் கண்ணாடிச் சீசாவில் போட்டு, மேலே துண்டைப் போர்த்தி, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு, துண்டை எடுத்தால் உள்ளே தண்ணீராக நிற்கிறது என்றால் யார்தான் வாயைப் பிளக்க மாட்டார்கள்? போத்தனூருக்கு ரயில் வந்துவிட்ட காலம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி, வாரத்துக்கு ஒரு சந்தை, ஒரு ஊர் என்று சுற்றினார். வயிற்றுவலி, தலைவலி, தேள்கடி, குழந்தையில்லாமை, கெட்ட கனவு எல்லாவற்றுக்கும் அதே சொட்டு. சொட்டின் எண்ணிக்கை மட்டும் மாறும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அப்போ ஊரை ஏமாத்தித்தானுங்களா மாமா நாம சாப்பிடறோம்?” என்று கேட்டே விட்டேன். புது மருமகள் கேட்கிற கேள்வியா அது! அவர் கோபப்படவில்லை. “நம்ம கையில பச்சைத் தண்ணி வாங்கிக் குடிக்காத சனம் அம்மணி அது. சீசால ஊத்தி, அரக்கு வெச்சு அடச்சு, இங்கிலீசு எழுத்த ஒட்டுனதுக்கப்பறம் வாங்கிக் குடிச்சுது. குடிச்சுப் போட்டுக் கும்புட்டுது” என்றார். சீசாக்காரர் சந்தையில் ஒருபோதும் ‘நான் செய்த மருந்து’ என்று சொன்னதில்லையாம். டவுனில் பெரிய வைத்தியர் ஒருவர் இருக்கிறார், நான் அவருடைய ஆள், சுமந்து வந்து விற்கிறேன், அவ்வளவுதான் என்பாராம். அந்தப் பெரிய வைத்தியர் என்று ஒருவரும் கிடையாது. தனக்குத் தானே வேலைக்காரனாக இருந்துகொண்டு, சரக்குக் கலக்கும் அறையை மட்டும் உள்ளே தாழ் போட்டுக்கொண்டார், யார் கை கலக்குகிறது என்று வெளியில் தெரியாமலிருக்க. கண்ணு, இந்த இடத்தில் எனக்கு அந்த மனுஷன்மேல் பாசமே வந்துவிடும். நல்லா செஞ்சே போ என்று அவர் படத்தைப் பார்த்துச் சொல்லத் தோன்றும். நீ புத்தகத்தில் சித்தரைப் போடாமல் இதைப் போட்டால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் இதோடு கதை முடியவில்லையே.

அந்தத் தாழ் போட்ட அறைதான் நாளடைவில் வீட்டு வழக்கமாக ஆகிவிட்டது. வியாழக்கிழமை காலையில் சரக்குக் கலந்து முடித்ததும் குடும்பத்துத் தலைவர் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ‘கடைசிச் சரக்கை’ச் சேர்ப்பார். லைசென்ஸ் தாளில் இருப்பது, அந்த மூன்றோடு பின்னால் சேர்ந்த இரண்டுமாக, ஐந்து சரக்கு. ஆறாவது அப்பனிடமிருந்து மூத்த மகனுக்கு, மகனுடைய கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நடும் காலையில், காதில் மட்டும். எழுதக் கூடாது, பெண்டாட்டியிடம் சொல்லக் கூடாது. உன் அப்பாவுக்கு உன் தாத்தா சொன்னபோது பக்கத்தில் நின்றவர்கள் இன்றைக்கும் ஒன்று சொல்வார்கள். காதில் வாங்கிய உன் அப்பா ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, பிறகு களுக்கென்று சிரித்துவிட்டாராம். தாத்தா முறைத்ததும் அடக்கிக்கொண்டாராம். என்ன சொன்னார் என்று கல்யாணமான புதிதில் நான் எவ்வளவோ கொஞ்சிக் கேட்டேன். “ஏனுங்க, எங்கிட்டகூடவா?” என்றால், “உங்கிட்டச் சொன்னா நீ நாளைக்கே சமையலுக்குப் போட்டுருவே” என்று கேலி செய்வார்.

இப்போது உனக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் அப்பா அதை என்னிடம் சொல்லவே இல்லை. மதுக்கரையில் ஒரு கடைக்குச் சரக்கு போடப் போனவர், கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது உனக்குத் தெரியும். கடைக்காரர் வண்டி கூப்பிடப் போனபோது, “இருங்க, நம்ம சொட்டுல பத்துக் குடுங்க, வாயுதான்” என்று அவரே கேட்டு வாங்கிக் குடித்தாராம். அந்தக் கால் மணி நேரம் அதில் போயிற்று. இதை உன்னிடம் யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்லவேண்டாம் என்றேன். அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள், கடைசி நேரத்தில் அதையே கேட்டு வாங்கினார் என்றால் உள்ளே ஏதோ இருக்கத்தானே வேண்டும்? இல்லை, அந்த மனுஷனுக்கும் நம்பிப் பழகிவிட்டதா? பன்னிரண்டு வருஷமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

காரியம் முடிந்த அடுத்த வியாழக்கிழமை, பாட்டில் நிரப்பும் எட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். சரக்குக் கலந்தாயிற்று. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நீ அப்போது பிளஸ் டூ, உள்ளே படித்துக்கொண்டிருந்தாய். நான் எழுந்தேன், அந்த அறைக்குள் போனேன், கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். உள்ளே ஒரு முக்காலி, ஒரு பித்தளைச் சொம்பு, சுவரில் ஓர் அலமாரி. அலமாரியில் ஒன்றுமில்லை. சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. முக்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தேன். “ஆச்சுங்களா அக்கா?” என்று கேட்டாள் ஒருத்தி. “ஆச்சு” என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அப்படித்தான். நான் எதையும் சேர்த்ததில்லை கண்ணு. ஒரு கடைக்காரராவது மருந்து மாறிவிட்டது என்று சொல்வார் என்று பயந்துகொண்டே இருந்தேன். யாரும் சொல்லவில்லை. குணமாயிற்று என்று கடிதம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அப்படியானால் கடைசிச் சரக்கு என்று ஒன்று எப்போதாவது இருந்ததா? உன் அப்பா சிரித்தது அதற்குத்தானா? சீசாக்காரர் தன் கையை மறைக்கச் சாத்திய கதவைப் பின்னால் வந்தவர்கள் ரகசியம் என்று நினைத்துக்கொண்டார்களா? இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் அபின் கிபின் ஏதாவது போட்டு, பின்னால் வந்த நல்லவர் ஒருவர் அதை நிறுத்திவிட்டாரா? அதுவும் இல்லாமல், நிஜமாகவே ஒரு மருந்து இருந்து, நம் அஜாக்கிரதையில் அது உன் அப்பாவோடு போய்விட்டதா? ஒரு நாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் இன்னொன்று. உன் வயசில் எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது.

அந்த ரகசியத்தைத் தேடி வீட்டில் ஒரு மூலை பாக்கியில்லாமல் குடைந்தேன். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியில் சீசாக்காரர் காலத்துத் துண்டு நோட்டீஸ்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரே நன்றிக் கடிதம், ஓர் எழுத்து மாறாமல், மூன்று நோட்டீஸில் மூன்று ஊர்க்காரர் பெயரில். சரி, விளம்பரம் என்றால் அப்படித்தான் என்று ஒதுக்கினேன். இன்னொரு கட்டில் ‘வாந்திபேதியை ஒரே நாளில் விரட்டும்’ என்று கொட்டை எழுத்து. அதில் ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. மேலே ‘வெள்ளையம்மாள்’ என்று ஒரு பெயர். அதன் கீழே, காலை பத்துச் சொட்டு. மத்தியானம் பத்துச் சொட்டு. சாயங்காலம் பதினைந்து. மறுநாள் காலை இருபது. மத்தியானம் இருபது. சாயங்காலம் முப்பது. மூன்றாம் நாள் ‘காலை’ என்று மட்டும் எழுதியிருந்தது, எதிரே ஒன்றும் இல்லை. வெள்ளையம்மாள் அவருடைய ஒரே மகள். வாந்திபேதியில் போனாள் என்று தாத்தா ஒருமுறை சொல்லியிருக்கிறார். எப்படிப் போனாள் என்று சொன்னதில்லை.

நான் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பாட்டில் கழுவிய ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். டாக்டர் தெரிந்தவர். அங்கே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாளா, அந்தக் காலத்தில் அதுவும் சந்தேகம்தான். ஆனால் ஏன் கொண்டுபோகவில்லை? ஊரை ஏய்க்கிறோம் என்று தெரிந்து ஏய்த்தவராக இருந்திருந்தால், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பாரே. அப்படியானால் நம்பியிருக்கிறார். ஏமாற்றுக்காரர் இல்லை என்று நான் நிம்மதிப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த நம்பிக்கைதானே பிள்ளையைக் கொன்றது? இன்னொன்றும் தோன்றுகிறது. நம்பிக்கையும் இல்லாமல், ஏமாற்றும் இல்லாமல், வெறும் வெட்கமாக இருந்திருந்தால்? வாந்திபேதிக்கு மருந்து விற்கிறவன் தன் பிள்ளையைப் பட்டப்பகலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதை ஊர் பார்த்தால் என்ன ஆகும் என்று, வாசல்வரை வந்து நின்றுவிட்டாரா? இருபதாகவும் முப்பதாகவும் சொட்டைக் கூட்டிக்கொண்டே போன கை எந்தக் கை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இதைப் படித்தவள் நான். படித்த பிறகும் என்ன செய்தேன் என்று கேள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சோமனூரிலிருந்து ஒரு பெண் வந்தாள், தறி ஓட்டுகிறவர் வீட்டுக்காரி. சேலையில் பஞ்சு ஒட்டியிருந்தது, தறியை விட்டுவிட்டு நேரே பஸ் ஏறியிருக்கிறாள். “எம் புள்ளைக்கு மூணு நாளா வவுத்து வலிங்க. சுருண்டு சுருண்டு படுக்குது. உங்க சொட்டுத்தான் குடுத்துட்டிருக்கறனுங்க, கடையில தீந்து போச்சுன்னாங்க, அதான் இங்கயே வந்துட்டேன்” என்றாள். மூன்று நாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்போது ஒரு டீலர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், புது ஊர்களுக்கு நம் சரக்கை எடுப்பதாகப் பேச்சு. அவர் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். நான் சொன்னேன், “இன்னும் ரெண்டு நாள் குடுத்துப் பாரு அம்மணி, சொட்டைக் கொஞ்சம் கூட்டிக்கோ.” என் வாயால் சொன்னேன். கூட்டிக்கோ என்று.

மறுநாளே அவள் குழந்தைக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. யாரோ வண்டியில் போட்டுக்கொண்டு போக, ஆபரேஷன் நடந்து, பல நாள் இழுபறியாகக் கிடந்து பிழைத்தது. பிழைத்தது கண்ணு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா திரும்ப வந்தாள். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்து நின்றேன். அவள் பையிலிருந்து ஒரு சீப்பு பழமும் பூவும் எடுத்து என் கையில் கொடுத்து, “உங்க மருந்துதானுங்க அக்கா, ஆபரேசன் பண்ற வரைக்கும் எம்புள்ள உசுரப் புடிச்சு வெச்சிருந்துச்சு” என்று கும்பிட்டாள். அப்புறம் சொன்னாள், “டப்பாவுல உங்க பையன் போட்டோவப் பாத்துத்தானுங்க நானு மொதல்ல வாங்குனது. பெத்தவங்களே சொந்தப் புள்ளைக்குக் குடுத்திருக்கறப்போ நமக்கென்ன பயம்னு.” பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்ன உண்மை என்று கேட்பாய். போன வாரம் நித்யா வந்திருந்தாள். உன் வருங்காலப் பெண்டாட்டி பார்மசி படித்தவள், எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாள், சுத்தம் நன்றாக இருக்கிறது என்றாள், வாயுவுக்கும் செரிக்காததற்கும் இந்தச் சரக்கு கேட்கும் என்றாள். அது நிஜம், அதில் நானும் பொய் சொன்னதில்லை. பிறகு டப்பாவைத் திருப்பி, நாலு வயசில் மொட்டைத் தலையோடு நீ சிரிக்கிற போட்டோவையும், கீழே ‘எங்கள் மகனை வாந்திபேதியிலிருந்து காப்பாற்றிய மருந்து’ என்ற வரியையும் படித்துவிட்டு, “அத்தை, அப்போ எத்தனை சொட்டுக் குடுத்தீங்க?” என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

உனக்கு அன்றைக்குக் காலையிலிருந்து வயிற்றால் போயிற்று, வாந்தி நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. உன் அப்பா சீசாவை என் கையில் கொடுத்து, “பத்துச் சொட்டு குடு, பொழுதோட சரியாயிரும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் அந்தச் சீசாவைச் சாக்கடையில் கவிழ்த்தேன். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை அதில் ஊற்றிக்கொண்டேன், யாராவது பார்த்தால் மருந்து கொடுப்பது போலிருக்க. “சொட்டுக் குடுத்தேனுங்க, புள்ளைக்குத் தேவலை. எங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு போன் வந்துச்சுங்க, ஒரெட்டுப் பாத்துட்டு வாரேனுங்க” என்று அவர் போன கடைக்குப் போன் போட்டுப் பொய் சொல்லிவிட்டு, உன்னைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன். கோயம்புத்தூரில் இல்லாத ஆஸ்பத்திரியா? தெருவுக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் நம்மைத் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். உடும்பு மார்க் வீட்டுப் பிள்ளைக்கு வாந்திபேதி, டாக்டரிடம் தூக்கி வந்திருக்கிறாள் என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வெயிலில், பஸ்ஸில், உன் வாயில் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே போனேன். அவிநாசி தாண்டியதும் நீ அழுவதை நிறுத்திவிட்டாய். பக்கத்து சீட்டுக்காரி ‘தூங்கிருச்சு’ என்றாள். நான் உன் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பெருந்துறையில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று அந்த டாக்டர் பாதியில் நிறுத்தினார். நான் ஊர் திரும்பியபோது உன் அப்பா வாசலிலேயே உன்னை வாரித் தூக்கிக்கொண்டார். “பாத்தியா, நம்ம சொட்டு!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கண்ணில் நீர் நின்றது அவருக்கு. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த மாதம் மொட்டையடித்து, போட்டோ எடுத்து, டப்பாவில் போட்டுவிட்டார். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சீசாக்காரரைப் பற்றி நான் இத்தனை கேள்வி கேட்கிறேனே, அவருக்காவது நம்பிக்கை என்று ஒன்று இருந்திருக்கலாம். எனக்கு அதுவும் இருந்ததில்லை.

நீ வேலையை விட்டுவிட்டு வருகிறாய். எட்டுப் பெண்களும் சின்ன முதலாளி வரப்போகிறார் என்று அறையை வெள்ளையடிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். இதை மூடிவிடு என்று உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நடத்து என்று சொல்ல யோக்கியதை இல்லை. நித்யா சொல்வது போல ‘ஒரு நாளில் குணமாகாவிட்டால் டாக்டரிடம் போகவும்’ என்று டப்பாவில் பெரிசாகப் போட்டு, வாயுவுக்கு மட்டும் விற்கலாமோ என்னவோ. அது சரியா, அதுவும் என் மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு வழியா, எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள், உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் புத்தகத்தை மட்டும் அச்சுக்குக் கொடுத்துவிடாதே.

முகூர்த்தக்கால் நட்டு, மஞ்சள் பூசி, எல்லாரும் சுற்றி நிற்கும்போது மாமன் மச்சான்கள் உன்னைக் குனியச் சொல்வார்கள். நானும் வழக்கத்தை விடாமல் உன் காதருகே வருவேன். அங்கே எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான், அதையும் இங்கே எழுதிவிட்டேன். உனக்கு நான் நம் மருந்தில் ஒரு சொட்டுகூடக் கொடுத்ததில்லை. அதைக் கேட்ட பிறகும் வியாழக்கிழமை காலையில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள உனக்கு மனசு வந்தால் சாத்திக்கொள். எனக்கு வந்தது, கண்ணு. பன்னிரண்டு வருஷமாக, ஒரு வாரம் தவறாமல் வந்தது.

அம்மா